கடல் தாண்டிய சகோதரத்துவம்: புனித யோசேவாஸ் முனிவர்

ஜனவரி 16ஆம் திகதி, புனித யோசேவாஸ் முனிவரின் திருநாள். இலங்கைத் திருச்சபையின் அப்போஸ்தலர் என்று நாம் போற்றும் அப்பெருமகனின் வாழ்வை நம் இல்லங்களிலே பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும்போது, கண்டியில் மழை பெய்வித்த அற்புதத்தையே பெரும்பாலும் முதலிற் சொல்கின்றோம். அது சொல்லத்தக்கதே. ஆயினும் அவரது வாழ்வில் அதனினும் பெரிதாகத் தோன்றுவது ஒன்றுண்டு. ஒரு நாட்டின் திருச்சபை, குருக்களை இழந்து தவித்த இன்னொரு நாட்டின் திருச்சபையைத் தன் தோளிலே தாங்கிக்கொண்டது. அந்தத் தாங்குதல் ஓராண்டு ஈராண்டோடு முடியவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் நீடித்தது.

யாழ்ப்பாணத் தீவகத்தின் தென்மேற்கு முனையில், மற்றத் தீவுகளினின்றும் விலகித் தனித்துக் கிடப்பது நெடுந்தீவு. குறிகட்டுவான் துறையிற் படகேறி, அலையின் குணத்துக்கேற்ப ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பயணித்தே அங்கு செல்ல வேண்டும். முருகைக் கற்களை அடுக்கிய வேலிகளும், பெருக்கு மரமும், கட்டுப்பாடின்றித் திரியும் குதிரைகளும், சிதைந்த கோட்டையும் அத்தீவுக்குச் சென்றோர் எவரும் மறவாத காட்சிகள். போர்த்துக்கேயர் இதனைப் பசுக்களின் தீவு என்ற பொருளில் அழைத்தனர். பின்வந்த ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களையே தீவுகளுக்கு இட்டனர். காரைநகர் ஆம்ஸ்ரர்டாம் ஆயிற்று. வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. ஏனைய பெயர்கள் காலப்போக்கில் உதிர்ந்து போயின. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயர் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

பெயர் மாற்றத்தோடு மட்டும் ஒல்லாந்தர் நின்றிருந்தால் நமக்கு இந்தக் கதை இல்லை. 1658ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை அவர்கள் கைக்கு வீழ்ந்தது. கத்தோலிக்கக் குருக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டிற் கட்டளை பிறந்தது. ஆலயங்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்கு ஆயின. திருமுழுக்கும் திருமணமும் அவர்களது ஏட்டிற் பதியப்பட்டாற்றான் காணி உரிமையும் வாரிசு உரிமையும் செல்லும். ஆகவே, பகலிலே ஒல்லாந்தரின் பள்ளிக்கூட ஆலயத்துக்குப் பிள்ளையைத் தூக்கிச் சென்று பெயர் பதிந்துவிட்டு, இரவிலே வீட்டின் உள்ளறையிற் செபமாலை சொல்லும் வாழ்க்கை நம் முன்னோருக்கு விதிக்கப்பட்டது. அவர்களைக் கோழைகள் என்று எண்ணுவது நீதியன்று. காணியை இழந்தால் பிள்ளைகள் தெருவில் நிற்பர். விசுவாசத்தை இழந்தால் தாமே தெருவில் நிற்பர். இவ்விரண்டுக்கும் நடுவே அவர்கள் வாழ்ந்தனர். பாவசங்கீர்த்தனம் கேட்க ஒருவரில்லை, திருப்பலி இல்லை, இறப்போருக்கு நோயிற்பூசுதல் இல்லை. இவ்வாறு 29 ஆண்டுகள் கழிந்தன.

இச்செய்தி கோவாவை எட்டியபோது, அதனைத் தன் சொந்தத் துயரமாக ஏற்றவர் ஓர் இளங்குரு.

யோசேவாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் திகதி கோவாவின் பெனோலிம் என்னும் ஊரில், தாயின் இல்லத்திற் பிறந்தார். தந்தையின் ஊர் சங்கோலே. தந்தை கிறிஸ்தோவாம் வாஸ், தாய் மரியா தெ மிராந்தா. ஆறு பிள்ளைகளுள் இவர் மூன்றாமவர். கொங்கணி பேசும் அக்குடும்பம் சில தலைமுறைகளுக்கு முன் கிறிஸ்தவம் தழுவியது. இயேசு சபையாரின் புனித பவுல் கல்லூரியிலும், பின்னர் சாமிநாதர் சபையாரிடத்திலும் கல்வி கற்று, 1676இற் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். குருவானதும் ஏழைகளைப் போல வெறுங்காலுடன் நடக்கத் தொடங்கினார். மறுஆண்டு ஆகஸ்ட் 5ஆம் திகதி, தம்மைத் தேவதாயின் அடிமையாக ஒப்புக்கொடுத்துச் சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார்.

இலங்கைக்குச் செல்ல அவர் விரும்பியது 1681இலேயே. ஆனால் மேலிடம் அவரைக் கன்னட நாட்டுக்கு அனுப்பியது. அங்கே அவர் கண்டது வேறொரு துயரம். போர்த்துக்கல் அரசரின் ஞான அதிகாரத்துக்கு உட்பட்ட குருக்கள் ஒருபுறம். உரோமையிலிருந்து நேரடியாக நியமனம் பெற்ற ஆயர் தோமாஸ் தெ காஸ்த்ரோ மறுபுறம். யாருடைய பாவசங்கீர்த்தனம் செல்லும், யாருடைய திருமணம் செல்லாது என்று மக்கள் குழம்பினர். இரு தரப்பாரும் கத்தோலிக்கரே. இரு தரப்பாரும் ஒரே நற்கருணையை வழங்கியோரே. யோசேவாஸ் கோவாவின் பிரதிநிதியாகச் சென்றவர் எனினும், எதிர்த்தரப்பு ஆயருக்கு உரிய மதிப்பைக் கொடுத்து, மக்களின் ஆன்மாக்கள் இழுபறியில் அழியாதவாறு சமாதானம் தேடினார். திருச்சபைக்குள்ளே அதிகாரப் போட்டி எத்தனை கேடு விளைக்கும் என்பதை அவர் புத்தகத்திற் படித்தவரல்லர். மங்களூர்ப் பக்கத்துக் கிராமங்களிலே கண்ணாற் கண்டவர். பிற்காலத்தில் இலங்கையில் அவர் நடந்துகொண்ட முறைக்கு இந்த மூன்று ஆண்டுகளே பாடசாலையாயின என்று கருத இடமுண்டு.

கோவா திரும்பிய பின், பழைய கோவாவில் சிலுவை மலை ஆலயத்தை அண்டிச் செபவாழ்வு நடத்திய சில சுதேசக் குருக்களோடு 1685 செப்ரெம்பர் 25ஆம் திகதி இணைந்தார். விரைவிலேயே அவர்களுக்குத் தலைவரானார். புனித பிலிப்பு நேரியாரின் முறையைப் பின்பற்றிய அந்தச் சிறு குழுவே கோவா ஒறற்றோரியன் சபை. இந்தியக் குருக்களுக்காக இந்தியராலேயே அமைக்கப்பட்ட முதலாவது துறவறச் சமூகம் அது. அந்நாளில் ஐரோப்பியத் துறவற சபைகளின் கதவுகள் சுதேசக் குருக்களுக்குப் பெரும்பாலும் அடைத்தே இருந்தன. அவ்வாறு புறக்கணிக்கப்பட்டோரே இலங்கைக்குத் துணையாயினர். வெள்ளைத் தோலுடைய ஒருவர் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினால் அன்றே பிடிபடுவார். கறுத்த மேனியும் அரைத்துணியும் கொண்ட ஒருவர் கூலியாளாகக் கூட்டத்திற் கரைந்துபோகலாம். இதனை முதலில் உணர்ந்தவர் யோசேவாஸ் முனிவரே.

1686இல் அவர் புறப்பட்டார். அவருடைய குடும்பத்திலே வளர்ந்த பணியாளன் யோவான் கூட நடந்தான். இந்த யோவானை நம் வரலாறுகள் ஒருவரியிற் கடந்துவிடுகின்றன, அது வருத்தத்துக்குரியது. மேற்குக் கரை வழியே தெற்கு நோக்கி நடந்து, தூத்துக்குடிக் கரையை அடைந்து, அங்கே தமிழ் கற்றனர். தூத்துக்குடியும் அப்போது ஒல்லாந்தர் வசமே இருந்தது. ஆயினும் அக்கரைப் பரதவர் மக்கள் தம் பழைய விசுவாசத்தை விடவில்லை. கோவாவின் குரு, தமிழ்நாட்டு மீனவர் மொழியைக் கற்று, யாழ்ப்பாணத்து மக்களுக்கு ஊழியம் செய்யப் புறப்பட்டார் என்றால், மூன்று திருச்சபைகள் அந்த ஒருவரிலே சந்தித்தன என்றே சொல்ல வேண்டும்.

1687ஆம் ஆண்டு உயிர்ப்பு விழாக் காலத்திற் படகு புறப்பட்டது. புயலில் அலைக்கழிந்து மன்னாரை அடைந்து, பின் யாழ்ப்பாணம் சேர்ந்தனர். பசியாலும் பயணத்தாலும் நலிந்திருந்த முனிவரை வயிற்றுளைவு நோய் பற்றியது. நோய்க்கு அஞ்சியோர் அவரை ஒதுக்கினர். ஊருக்குப் புறத்தே ஒரு குடிசையிற் கிடந்தார். இரக்கமுள்ள ஒரு பெண் கொண்டுவந்த கஞ்சியே அவரைக் காத்தது என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். அப்பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இலங்கைத் திருச்சபையின் மறுபிறப்புக்கு முதலில் உதவிய கை அந்தக் கைதான்.

நோய் தணிந்ததும், கழுத்திலே செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்த மாலையைக் கண்டு யாருடைய கண் கலங்குகின்றது, யாருடைய முகம் மாறுகின்றது என்று பார்த்தார். முதலில் நம்பியோர் சிலரே. உளவு பார்க்க ஒல்லாந்தர் அனுப்பிய ஆளோ என்று அவர்கள் அஞ்சியதிலும் வியப்பில்லை. இறுதியில் நம்பிக்கைக்குரிய ஒருவரின் துணையோடு, விசுவாசத்தில் உறுதியாக நின்ற சில்லாலைக் கிராமத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். சில்லாலையைத் தளமாகக் கொண்டு, இரவுகளில் வெளியேறி, அயற்கிராமங்களிலே திருப்பலி நிறைவேற்றி, விடியுமுன் மறைந்தார்.

இரகசியம் நெடுநாள் நிலைக்கவில்லை. நத்தார் இரவிலே மக்கள் கூடியிருந்தபோது ஒல்லாந்தச் சேவகர் சூழ்ந்துகொண்டனர். பலர் பிடிபட்டனர், தலைமையானவர்கள் கொடுந்தண்டனை பெற்றனர். முனிவர் மட்டும் தப்பினார். தம்மைக் காத்ததற்காக மக்கள் அடிபடுவதைக் கண்ட அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! தாம் அங்கே தங்குவது அவர்களுக்கே ஆபத்து என்பதால், 1690இல் ஒல்லாந்தர் ஆட்சி எட்டாத கண்டி இராச்சியத்துக்கு உட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். 1692இற் கண்டி நகரை அணுகினார். அரசவையிலிருந்த பிரெஞ்சுக் கல்வினியரான லனரோல் என்பவர், இவர் போர்த்துக்கேயரின் உளவாளி என்று கோள் மூட்ட, முனிவர் சிறைக் காவலில் வைக்கப்பட்டார். அக்காவலிலே அவர் சிங்களம் கற்றார். காவல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1696இல் வறட்சியின்போது அவரது செபத்தின் பின் பெய்த மழை, புத்த சமயத்தவரான இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரின் உள்ளத்தை அவர் பக்கம் திருப்பியது.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1687 முதல் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள், முழு இலங்கைக்கும் அவர் ஒருவரே குரு. ஆயிரக்கணக்கானோரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்ட அவருக்கு, தம் பாவசங்கீர்த்தனத்தைச் சொல்ல அருகில் ஒரு குரு இல்லை. நோயுற்றால் நோயிற்பூசுதல் அளிக்க ஒருவரில்லை. மக்கள் 29 ஆண்டுகள் அனுபவித்த அதே வறுமையை அவரும் தம் உடலிலும் ஆன்மாவிலும் சுமந்தார்.

ஆனால் கோவா அவரை மறக்கவில்லை. 1696, 1697ஆம் ஆண்டளவில் யோசே தெ மெனெசஸ், யோசே கார்வாலோ என்னும் இரு ஒறற்றோரியன் குருக்கள் வந்து சேர்ந்தனர். கார்வாலோ அடிகளார் முனிவரின் சகோதரி மகன். அவர்கள் வந்த வேளை 1697இற் கண்டியில் வைசூரி பரவியது. மன்னரும் பெருமக்களும் நகரை விட்டகன்றனர். நோயாளிகள் வீதிகளிலும் காடுகளிலும் கைவிடப்பட்டனர். முனிவரும் மருமகனும் குடிசைகள் அமைத்து, நோயாளிகளைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். கத்தோலிக்கரா, புத்தரா, ஒல்லாந்தர் சபையினரா என்று அவர்கள் கேட்கவில்லை. மழையை விட இந்தக் குடிசைகளே கண்டி மக்களின் மதிப்பைப் பெற்றுத் தந்தன என்பது என் எண்ணம்.

பின்னும் குருக்கள் வந்தனர். 1705இல் வந்தோருள் ஒருவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கோவாவின் தீவார் தீவிலே பிறந்த அவர், தமிழிலும் சிங்களத்திலும் புலமை பெற்று, இரு மொழிகளிலும் செப நூல்களையும் மறை விளக்க நூல்களையும் எழுதிக் குவித்தார். தவக்காலத்திலே நம் ஆலயங்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டுவந்த வியாகுலப் பிரசங்கம் அவருடைய கொடையே. கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் எழுதிய தமிழைக் கேட்டு நம் பாட்டிமார் பெரிய வெள்ளியன்று கண்ணீர் வடித்தனர்.

இத்தனைக்கும் ஒழுங்கு ஒன்று இருந்தது. இலங்கை அக்காலத்திற் கொச்சி மறைமாவட்டத்துக்கு உட்பட்டது. கொச்சி ஆயர் யோசேவாஸ் முனிவரைத் தம் குருமுதல்வராக நியமித்து அதிகாரம் அளித்தார். கோவா ஆட்களை அனுப்பியது. அவர்களுக்கு வேண்டியவற்றையும் கடிதங்களையும் அனுப்பியது. முனிவர் நாட்டைப் பல பணித்தளங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குருவிடம் ஒப்படைத்தார். குருவானவர் ஆண்டில் ஒரு முறையோ இரு முறையோதான் ஒரு கிராமத்துக்கு வர இயலும். எஞ்சிய நாட்களில் யார் சபையைக் காப்பது? அதற்காகவே ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவியாரும் நிலைநிறுத்தப்பட்டனர். மூப்பர் ஆலயக் காரியங்களைக் கவனித்தார். அண்ணாவியார் ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லி, பிள்ளைகளுக்கு மந்திரங்களைக் கற்பித்து, அவசரத்தில் திருமுழுக்கும் கொடுத்தார். வெளியிலிருந்து வந்த உதவி உள்ளூர் மக்களைக் கைகட்டி நிற்கச் செய்யவில்லை. பணம் கொடுத்து ஆலயம் கட்டிக்கொடுத்துவிட்டு, பின் அங்கே செபம் சொல்ல ஆளில்லாது பூட்டிக் கிடக்க விடும் இக்காலத்துச் சில முயற்சிகளோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகின்றது.

முனிவரை ஆயராக உயர்த்தும் எண்ணம் திருத்தந்தையின் தூதுவர் தூர்னோனிடம் எழுந்தபோது, அவர் அதனை ஏற்கவில்லை. வெறுங்காலோடு நடந்த குருவாகவே இருந்துவிட்டார். நடந்து நடந்து உடல் தளர்ந்து, 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறைவனடி சேர்ந்தார். அப்போது ஏறத்தாழ எழுபதினாயிரம் கத்தோலிக்கர் இலங்கையில் இருந்தனர் என்பர். அவரது கல்லறை இருக்கும் இடம் பின்னாளில் அடையாளம் அற்றுப்போயிற்று, இன்றுவரை கண்டறியப்படவில்லை. அவருடைய வாழ்வை ஒறற்றோரியன் குருவான செபஸ்தியான் தோ ரேகோ எழுத, அது 1745இல் லிஸ்பனில் அச்சேறியது.

முனிவர் மறைந்த பின்னும் கோவாவின் குருக்கள் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டேயிருந்தனர். 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் நீங்கின. 1834இல் இலங்கை கொச்சியினின்றும் பிரிந்து தனி அப்போஸ்தலிக்க விகாரியாட்சியாயிற்று. அதன் முதல் தலைவரும் ஒறற்றோரியன் குருவே. அதே ஆண்டில் போர்த்துக்கல் அரசு துறவற சபைகளைக் கலைக்கும் சட்டத்தைப் பிறப்பித்தது. கோவா ஒறற்றோரியன் சபையும் அதற்குத் தப்பவில்லை. தான் பேணி வளர்த்த பிள்ளை தன் காலில் நிற்கத் தொடங்கிய வேளையில் தாய் கண்மூடினாள்.

திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் யோசேவாஸ் முனிவரை அருளாளர் என அறிவித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகலே திருத்தந்தை மடுமாதா சந்நிதிக்கு வந்ததையும், போரிற் பிள்ளைகளை இழந்த தாய்மார் அங்கே கூடி நின்றதையும் நம்முட் பலர் நேரிற் கண்டவர்கள்.

யோசேவாஸ் முனிவர் கடந்த அதே கடலில், நெடுந்தீவுப் பங்கைச் சேர்ந்த சிற்றாலயம் ஒன்றுண்டு. அதுவே கச்சதீவு அந்தோனியார் ஆலயம். குடிநீர் இல்லாத, மக்கள் வாழாத அத்தீவில் ஆண்டுக்கு ஒரு முறை, தவக்காலத்தில், இரு நாட்டுத் தமிழரும் கூடுகின்றனர். 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவு இலங்கைக்கு உரியதாயிற்று. அதன் பின்னரும், திருவிழாவுக்கு வரும் இராமேசுவரத்து மக்களுக்கு வழி விடப்பட்டது. போர்க் காலத்தில் நெடுநாள் தடைப்பட்ட விழா, போர் முடிந்தபின் மீண்டும் தொடங்கியது. 2016 டிசெம்பரில் புதிய ஆலயம் ஆசீர்வதிக்கப்பட்டது. நெடுந்தீவுப் பங்குத்தந்தை ஒழுங்குகளைக் கவனிக்க, யாழ்ப்பாணக் குருக்களும் தமிழ்நாட்டுக் குருக்களும் ஒரே பீடத்திற் கூட்டுத் திருப்பலி ஒப்புக்கொடுக்கின்றனர்.

இது எளிதான சகோதரத்துவம் என்று எண்ணிவிட வேண்டாம். அக்கரை இழுவைப்படகுகள் இக்கரைச் சிறு மீனவரின் வலைகளை அறுத்துச் செல்கின்றன. கடலின் அடி வாரப்பட்டு மீன்வளம் அழிகின்றது. நெடுந்தீவு மீனவர் வீட்டில் இதனால் அடுப்பு எரியாத நாட்களுண்டு. அக்கரையிலோ, கைதாகிச் சிறையிலிருக்கும் கணவனுக்காகவும் பறிமுதலான படகுக்காகவும் அழும் குடும்பங்களுண்டு. 2024ஆம் ஆண்டு, மீனவர் கைதுகளை எதிர்த்து இராமேசுவரத்து மக்கள் திருவிழாவைப் புறக்கணித்தனர். அவ்வாண்டு கச்சதீவுக்கு அக்கரைப் படகுகள் வரவில்லை.

2025 மார்ச் மாதத்தில் அவை மீண்டும் வந்தன. வெள்ளி மாலை கொடியேறிய பின், வலை அறுந்தவரும் படகு இழந்தவரும் ஒரே மணலிலே சிலுவைப்பாதை நடந்தனர்.